கம்பெனி செட்டும் நம்ம செட்டும்: மலையக ரோட்டில் ஒலியின் கதை

தவலந்தன்னை சந்தியிலோ புஸ்ஸல்லாவை டவுனிலோ நிற்கிற ஓட்டோக்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கம்பெனியிலிருந்து இறங்கின மாதிரியே இருக்கிற ஓட்டோவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பின் சீட்டுக்குப் பின்னால் ஒரு பலகைப் பெட்டி, அதில் ஒரு பேஸ் ஸ்பீக்கர், கூரை ஓரமாக இரண்டு சின்ன ஸ்பீக்கர், ஹேண்டிலுக்குப் பக்கத்தில் நீல வெளிச்சம் அடிக்கிற ஒரு செட். வேன்காரர் கதவில் இருந்த ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு வேறு போட்டிருப்பார். ஆல்டோ வாங்கின ஆசிரியர் கூட முதல் போனஸில் இதைத்தான் செய்திருப்பார்.

இதைப் பார்க்கிற பெரியவர்கள் "காசைக் கரியாக்குறானுங்க" என்பார்கள். பொலிஸ் "அநாவசிய உபகரணம்" என்று எழுதும். நாங்கள் இதை ஒரு வரலாறாகப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். மலையகத்தில் யாருக்குக் கேட்கும் உரிமை இருந்தது, எதைக் கேட்க முடிந்தது, அதை யார் தீர்மானித்தார்கள் என்ற நீண்ட கதையின் ஒரு துண்டுதான் அந்தப் பலகைப் பெட்டி. கதையின் நடுவில் நம்ம கொத்மலையும் வருகிறது.

முதலில் வந்தது எது?

கார் என்றால் அதோடு ரேடியோவும் ஸ்பீக்கரும் சேர்ந்தே வரும், பிடிக்காதவன் பிறகு மாற்றிக்கொள்வான் என்றுதான் நாம் நினைக்கிறோம். வரலாறு நேர்மாறாக நடந்தது. ஆரம்ப காலத்துக் கார்கள் சத்தமில்லாமல்தான் கம்பெனியை விட்டு வந்தன. பாட்டை உள்ளே கொண்டுவந்தவர்கள் வெளி ஆட்கள்.

இன்றைய ஸ்பீக்கரின் அடிப்படை வடிவத்தை அமெரிக்காவில் ரைஸ், கெலொக் என்ற இரண்டு பொறியியலாளர்கள் 1925இல் வெளியிட்டார்கள். காந்தத்துக்கு நடுவே ஒரு செப்புக் கம்பிச் சுருள், சுருளோடு ஒட்டிய காகிதக் கூம்பு. மின்சாரம் மாறி மாறிப் போகும்போது சுருள் முன்னும் பின்னும் அசையும், கூம்பு காற்றைத் தள்ளும். நூறு வருசமாகியும் ஓட்டோவுக்குள் இருக்கிற ஸ்பீக்கர் இதே வேலையைத்தான் செய்கிறது.

1930இல் சிக்காகோவில் போல் கல்வின், ஜோசப் கல்வின் என்ற சகோதரர்களின் சின்னக் கம்பெனி ஒன்று காருக்குள் பூட்டக்கூடிய ரேடியோவைச் செய்தது. போல் அதைத் தன்னுடைய காரில் பூட்டி, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார். மண்டபத்துக்குள் அவருக்குக் கடை கிடையாது. வாசலில் காரை நிறுத்தி, சத்தத்தைக் கூட்டிவைத்து, போகிறவர் வருகிறவரை எல்லாம் நிற்க வைத்தார். சந்தியில் ஓட்டோவை நிறுத்தி செட்டைப் போட்டுக் காட்டுகிற நம்ம பொடியன் செய்வதும் இதேதான். அந்த ரேடியோவுக்கு அவர்கள் வைத்த பெயர் மோட்டரோலா.

கார்க் கம்பெனிகள் பிறகுதான் இதைத் தங்களுடைய வேலையாக எடுத்துக்கொண்டன. 1952இல் ஜெர்மனியின் புளொபுங்க்ட் காருக்குள் எஃப்.எம். கொண்டுவந்தது. 1963இல் பிலிப்ஸ் கெசட்டை அறிமுகப்படுத்தியது. 1970களில் பயனியர் போன்ற ஜப்பான் கம்பெனிகள் கார் ஒலியைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கின. செட் தனி, அம்ப் தனி, ஸ்பீக்கர் தனி. வீட்டில் வைத்து மாற்றுகிற பழக்கத்துக்குக் கதவு திறந்தது அப்போதுதான்.

ஆகவே "கம்பெனி செட்" என்பது மூலப்பொருளும் இல்லை, நாம் போடுவது அதற்குச் செய்கிற துரோகமும் இல்லை. வெளியே பிறந்த ஒன்றைக் கம்பெனி உள்ளே இழுத்துக்கொண்டது. நாம் அதைத் திரும்ப வெளியே எடுக்கிறோம். அவ்வளவுதான்.

துரையின் கார், லயனின் காது

சிக்காகோவில் கார் ரேடியோ பிறந்த காலத்தில் கொத்மலை, தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் காரென்றால் அது துரையின் கார். லயனில் இருந்தவர்களுக்குக் காலையில் கேட்ட முதல் சத்தம் பாட்டு அல்ல, பெரட்டுக்குக் கூப்பிடுகிற தப்பு. சில தோட்டங்களில் கொம்பு, பிறகு பெக்டரிச் சங்கு. எழும்பு, பெரட்டுக்களத்துக்கு வா, மலைக்கு ஏறு. தோட்டத்தில் சத்தம் என்பது மேலிருந்து கீழே வருகிற ஒன்றாகத்தான் பல தலைமுறைக்கு இருந்தது. இதை மறந்துவிட்டு ஓட்டோவின் பேஸ் சத்தத்தை மட்டும் பார்த்தால் பாதிக் கதை விளங்காது.

அதே தப்பு, மாசி மாதத்தில் காமன் கூத்துக்கு அடிக்கும்போது நம்முடையதாக இருந்தது. அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆடின இரவுகளில் சத்தத்தை யார் எழுப்புவது, எவ்வளவு நேரம் எழுப்புவது என்பதை லயன்தான் தீர்மானித்தது. வேலை நாள் சத்தம் தோட்டத்துடையது, திருவிழாச் சத்தம் நம்முடையது. இந்தப் பிரிவு மனதில் இருக்கட்டும்.

கொழும்பில் 1925 டிசம்பரில் வானொலி முறைப்படி தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, நேச நாட்டுப் படைகள் விட்டுப்போன பெரிய ஒலிபரப்பிகளோடு ரேடியோ சிலோன் எழுந்தது. 1967இல் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஆனது. அதன் தமிழ்ச் சேவையை எங்கள் தாத்தா பாட்டிமார் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே கேட்டு வளர்ந்தது. மயில்வாகனம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீது என்ற பெயர்களை அங்கே இன்றும் சொல்வார்கள்.

ஆனால் கேட்க ஒரு பெட்டி வேண்டுமே. அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருக்க லைசன்ஸ் எடுக்க வேண்டும். 1948 பிரஜாவுரிமைச் சட்டத்தில் நாடே இல்லாதவர்கள் ஆக்கப்பட்ட ஒரு சமூகத்துக்கு, நாட் சம்பளத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்கு, ரேடியோ எட்டாத பொருள். தோட்டத்தில் ஓரிரு இடத்தில் ரேடியோ இருக்கும். கணக்கப்பிள்ளை வீட்டில், கடையில், கொஞ்சம் வசதியான ஒரு கங்காணி வீட்டில். மற்றவர்கள் வாசலில் நின்று கேட்டார்கள்.

டிரான்சிஸ்டர் வந்ததும் நிலைமை மாறத் தொடங்கியது. ஆனால் 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1973, 74இல் தோட்டங்களில் பட்டினி. சாமான் வாங்குவதைப் பேசுகிற காலமல்ல அது, இருந்ததை விற்ற காலம். சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெயர் வந்தவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு தலைமன்னாருக்குப் போன காலமும் அதுதான்.

1977க்குப் பிறகு திறந்த பொருளாதாரம் வந்தது. ஜப்பான் கெசட் ரெக்கோடர் டவுன் கடைகளில் வரிசையாக அடுக்கப்பட்டது. இந்திய ஓட்டோ ரோட்டுக்கு வந்தது. ஒரு தலைமுறைக்குள், வாசலில் நின்று கேட்டவர்களின் பிள்ளைகள் தங்கள் கையால் பட்டனை அமுக்கினார்கள்.

12 வோல்ட் வீடு

இங்கே ஒரு கசப்பான கணக்கு இருக்கிறது. கொத்மலை ஓயாவை மறித்து, சுவீடன் உதவியோடு கட்டின அணை 1985இல் திறக்கப்பட்டது. 87 மீட்டர் உயரம், 201 மெகாவோட் மின்சாரம். மகாவலி துரித அபிவிருத்தித் திட்டத்தின் பெரிய வேலைகளில் ஒன்று. கிராமங்களும் வயல்களும் விகாரைகளும் தண்ணீருக்குள் போயின, ஆயிரக்கணக்கானவர்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த மின்சாரம் கம்பியில் ஏறிக் கொழும்புக்குப் போனபோது, அதே மலையில் இருந்த லயன்கள் பலவற்றில் குப்பி லாம்புதான் எரிந்தது. பல லயன்களுக்கு வயர் வந்து சேர இன்னும் பல வருசம் பிடித்தது.

மின்சாரம் இல்லாத வீட்டில் பாட்டு எப்படிக் கேட்பது? வாகனத்தின் உள்ளுறுப்புகளை வீட்டுக்குள் கொண்டுவருவதுதான் வழி. கார் பெட்டரி 12 வோல்ட். கார் கெசட் செட் 12 வோல்ட். கார் ஸ்பீக்கர் அந்தச் செட்டுக்கு என்றே செய்தது. மூன்றையும் சேர்த்தால் மின்சார சபை தேவையில்லை. பெட்டரி இறங்கினால் தோளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய் சார்ஜ் போட்டு வரவேண்டும். இலங்கைக் கிராமப்புறம் முழுக்க இப்படித்தான் டிவி பார்த்தார்கள், ரேடியோ கேட்டார்கள். வாகனமே இல்லாத வீட்டில் வாகன செட் இருந்தது.

அங்கேதான் நம்ம ஆட்கள் ஒலியைப் பற்றிக் கற்றுக்கொண்டார்கள். வெறும் ஸ்பீக்கரை மேசையில் வைத்து ஓட விட்டால் கீச் கீச்சென்று கேட்கும், அடிச்சத்தம் வராது. ஏன்? கூம்பு முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. முன் அலையும் பின் அலையும் ஓரமாகச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாழ்ந்த சுரத்தில் இது அதிகம். முன்னையும் பின்னையும் பிரித்துவிட்டால் பேஸ் வந்துவிடும். இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தவர்கள் காதால் கண்டுபிடித்தார்கள். பானை ஸ்பீக்கர் என்ற அந்தச் சாமான் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ வீட்டு மூலையில் இருந்தது. பெட்டியின் கனவளவுக்கும் ஸ்பீக்கருக்கும் உள்ள உறவை 1960, 70களில் கணக்காக எழுதிக் கொடுத்தவர்கள் அவுஸ்திரேலியாவில் வேலை செய்த நெவில் தீல், ரிச்சர்ட் ஸ்மோல் என்ற இருவர். உலகம் முழுக்க ஸ்பீக்கர்ப் பெட்டி இன்று அவர்கள் கணக்கில்தான் செய்யப்படுகிறது. பானை வைத்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியாது. ஆனால் எந்தப் பானை "நல்லா இடிக்கும்" என்று தெரியும்.

ஓட்டோவின் பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற பலகைப் பெட்டி அந்தப் பானையின் பேரன்.

கொத்மலை ஒரு ஓட்டோவைப் பேச வைத்தது

அணையோடு சேர்ந்து இன்னொன்றும் இந்த மலைக்கு வந்தது. மகாவலிக் குடியேற்றக்காரர்களுக்காக 1980களின் தொடக்கத்தில் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. கொழும்பில் எழுதி வாசிப்பதற்குப் பதிலாக, ஒலிபரப்பாளர்கள் ஊரில் போய்ச் சில நாள் தங்கி, அந்த ஊர்ச் சனத்தின் குரலையே பதிந்து ஒலிபரப்பினார்கள். அந்த வழியில்தான் 1989இல் கொத்மலை சமூக வானொலி பிறந்தது. நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், மலைமேல் ஒரு சின்ன நிலையம்.

1999இல் யுனெஸ்கோ உதவியோடு அந்த நிலையத்துக்கு இணையம் வந்தது. அப்போது இந்தப் பகுதியில் போனே அரிது. கேட்பவர்கள் தங்கள் கேள்வியை எழுதி அனுப்புவார்கள். அறிவிப்பாளர் ஒலிபரப்பில் உட்கார்ந்தபடியே இணையத்தில் தேடி, ஆங்கிலத்தில் இருப்பதை உள்ளூர்ப் பேச்சில் விளக்குவார். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்தார்கள். உலகத்தின் பல பல்கலைக்கழகங்களில் சமூக வானொலி படிப்பவர்கள் இன்றும் கொத்மலை என்ற பெயரைப் படிக்கிறார்கள். நம்ம பாடப்புத்தகத்தில் அணையின் உயரம் மட்டும் இருக்கும்.

நமக்கு முக்கியமான பகுதி அதற்குப் பிறகு. நிலையத்துக்கு வரமுடியாத ஊர்களுக்கு நிலையமே போக வேண்டும் என்று யோசித்தார்கள். 2000களின் பிற்பகுதியில் ஒரு ஓட்டோவை எடுத்து மாற்றினார்கள். உள்ளே லப்டொப், பிரிண்டர், ஸ்கேனர், கெமரா, போன். கம்பியில்லா இணைப்பில் இணையம். மின்சாரத்துக்கு ஒரு ஜெனரேட்டர். கூரைமேல் தட்டில் ஸ்பீக்கர்கள். இ-டுக்டுக் என்று பெயர். பஸ் போகாத பாதையில் ஏறி, ஊருக்கு நடுவில் நின்று, அங்கேயே பதிந்து அங்கேயே கேட்க வைத்தது.

கொஞ்சம் யோசியுங்கள். வெளியில் வாங்கின ஸ்பீக்கரை, கம்பெனி அதற்கு இடமே வைக்காத ஒரு வாகனத்தில் ஏற்றினார்கள். சந்தியில் நம்ம பொடியன் செய்வதும் இதுதான். ஒன்றுக்கு அபிவிருத்தி என்று பெயர் கிடைத்தது, மற்றதுக்கு அநாவசியம் என்று பெயர். இரண்டும் ஒன்றென்று நாங்கள் சொல்லவரவில்லை. இ-டுக்டுக்கின் ஸ்பீக்கர் ஊரைப் பேச வைத்தது, பொடியனின் ஸ்பீக்கர் ஊருக்குப் பாட்டுப் போடுகிறது. ஆனால் கையில் இருக்கிற அறிவு ஒன்றே. பெட்டரி எவ்வளவு தாங்கும், வயரை எங்கே விடுவது, நனையாமல் எப்படி மூடுவது என்று தெரிந்தவன்தான் இரண்டையும் செய்யமுடியும்.

ஜப்பானுக்குக் கேட்டது நமக்குக் கேட்கவில்லை

1998இல் சூரியன் எஃப்.எம்., சக்தி எஃப்.எம். என்று தனியார் தமிழ் எஃப்.எம். வந்தது. அதே காலத்தில் ஜப்பானில் ஓடின வேன்களும் கார்களும் ரீகண்டிஷன் என்ற பெயரில் இங்கே குவிந்தன. நல்ல எஞ்சின், நல்ல சீட், உள்ளே தரமான கம்பெனி செட். ரேடியோவைத் திருப்பினால் பாதி ஸ்டேஷன் வராது.

காரணம் எளிமையானது. நம்ம நாட்டில் எஃப்.எம். சுமார் 88இலிருந்து 108 மெகாஹேர்ட்ஸ் வரை. ஜப்பானில் பல காலம் 76இலிருந்து 90 வரைதான், ஏனென்றால் அதற்கு மேலே அவர்களுடைய பழைய டிவி சனல்கள் இருந்தன. ஆகவே ஜப்பான் காருக்குள் இருக்கிற செட் 90க்கு மேலே போகாது. அந்தச் செட்டுக்கு நம்ம ஸ்டேஷன்கள் உலகத்திலேயே இல்லை.

இதற்கு ஒரு ஒட்டு வைத்தியம் இருந்தது. எக்ஸ்பாண்டர் என்ற சின்னப் பெட்டியை ஏரியலுக்கும் செட்டுக்கும் நடுவில் பூட்டுவார்கள். அது எல்லா அலைவரிசையையும் ஒரே அளவு கீழே இறக்கும். 20 இறக்குகிற பெட்டியென்றால் 100இல் இருக்கிற ஸ்டேஷன் 80இல் கேட்கும். ஆனால் ஜப்பான் செட்டின் ஜன்னல் 14 மெகாஹேர்ட்ஸ் அகலம், நம்முடையது 20. எல்லாம் உள்ளே அடங்காது, ஒரு பக்கத்தில் கொஞ்சம் வெட்டுப்படும். எது வெட்டுப்படும் என்பதை எந்தப் பெட்டி வாங்கினீர்கள் என்பது தீர்மானிக்கும்.

மலையில் இன்னொரு தொல்லை. எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிறது, மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். அதனால்தான் ஒலிபரப்பிகளை பிதுருதலாகலை போன்ற உச்சியில் வைக்கிறார்கள். ஏ5 ரோட்டில் கம்பளையிலிருந்து இறம்பொடை ஏறும்போது ஒரு வளைவில் கேட்கிற ஸ்டேஷன் அடுத்த வளைவில் இரைச்சலாகிவிடும். வேறு நாட்டுக்காகச் செய்த செட்டுக்கு இந்த ரோடு தெரியாது.

எங்களுக்கு இதில் தெரிவது இதுதான். கம்பெனி செட் யாருக்கும் பொதுவானதல்ல. அது ஒரு நாட்டை, ஒரு ரோட்டை, ஒரு மொழியை மனதில் வைத்துச் செய்த பொருள். ஒசாகா ரோட்டில் ஒருவர் செய்தி கேட்க அது போதும். பூண்டுலோயா ரோட்டில், டீசல் எஞ்சின் உறும, மழை கூரையில் அடிக்க, தமிழ்ப் பாட்டின் மிருதங்கமும் தவிலும் கேட்க அது போதாது. மாற்றுவது எப்போதும் ஆடம்பரம் அல்ல, சிலநேரம் மொழிபெயர்ப்பு.

வீட்டில் செய்பவர்களுக்குத் தெரிந்தது

இந்த அறிவு புத்தகத்தில் இல்லை, கராஜிலும் லயன் வாசலிலும் இருக்கிறது. எழுதி வைக்காவிட்டால் போய்விடும் என்பதால் கொஞ்சம் எழுதி வைக்கிறோம்.

ஒன்று, வோட் கணக்கு. செட்டின் பெட்டியில் 50 வோட் நாலு என்று போட்டிருக்கும். வாகனம் ஓடும்போது பெட்டரியில் அதிகபட்சம் 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கணக்குப் போட்டால் ஒரு பக்கத்துக்கு 26 வோட்டைத் தாண்டாது, சுத்தமாகக் கேட்க வேண்டுமென்றால் 18, 20. ஆகவே 300 வோட் என்று எழுதின ஸ்பீக்கருக்குக் காசு கொட்டுவதை விட, அதே வோட்டில் கூடச் சத்தம் தருகிற ஸ்பீக்கரைத் தேடுங்கள். ஸ்பீக்கர் அட்டையில் டெசிபல் என்று ஒரு எண் இருக்கும். அது 3 கூடினால், அம்பின் சக்தியை இரட்டிப்பாக்கினதற்குச் சமம்.

இரண்டு, கூட்டல் கழித்தல். இரண்டு ஸ்பீக்கரில் ஒன்றுக்கு வயரை மாற்றிக் கொடுத்தால் ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும், பேஸ் காணாமல் போகும். ஸ்பீக்கரில் குறி அழிந்திருந்தால் ஒரு டோர்ச் பெட்டரியை ஒரு நொடி தொட்டுப் பாருங்கள். கூம்பு வெளியே வந்தால், பெட்டரியின் கூட்டல் தொட்ட பக்கம்தான் ஸ்பீக்கரின் கூட்டல்.

மூன்று, மலைக்கே உரியது. கார்க் கதவின் உட்பலகையைக் கழற்றினால் ஒரு பொலித்தீன் தாள் ஒட்டியிருக்கும். "இது என்னத்துக்கு" என்று கிழித்தெறிபவர்கள் நிறையப் பேர். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீரை உள்ளே வரவிடாமல் தடுப்பது அதுதான். வருசத்தில் பாதி நாள் மழையும் பனிமூட்டமுமாக இருக்கிற இடத்தில் அதைக் கிழித்தால் காகிதக் கூம்பு ஊறிவிடும். திரும்ப ஒட்டுங்கள். கதவின் தகட்டுக்கும் ஸ்பீக்கருக்கும் இடையில் பலகை வளையம் வைத்தால் அதிர்வு குறையும், ஆனால் பலகைக்கு வார்னிஷ் பூசாமல் வைக்காதீர்கள்.

நாலு, பியூஸ். அம்ப் போட்டால் பெட்டரியிலிருந்து வயர் தொடங்குகிற இடத்திலேயே, ஒரு முழத்துக்குள் பியூஸ் இருக்க வேண்டும். 100 வோட் சத்தம் தருகிற சாதாரண அம்ப் பெட்டரியிலிருந்து கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இழுக்கும், அதாவது 15 அம்பியருக்கும் மேல். ஓட்டோ பெட்டரி கார் பெட்டரியை விடச் சின்னது. வயர் எங்காவது உரசினால் பியூஸ் எரிய வேண்டும், வாகனம் எரியக்கூடாது.

சத்தமும் சட்டமும்

போர்க்காலத்தில் செக்பொயின்ட் தெரிந்தாலே தமிழ்ப் பாட்டின் சத்தத்தைக் குறைத்த கதையை எங்கள் அப்பாமார் சொல்வார்கள். அடையாள அட்டையும் பதிவுத் துண்டும் கையில் இருந்தும், ஒரு பாட்டு காட்டிக் கொடுத்துவிடுமோ என்ற பயம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் ரோட்டில் தமிழ்ப் பாட்டைச் சத்தமாகப் போடுவதில் வெறும் திமிர் மட்டும் இல்லை.

ஆனாலும் நியாயமாகப் பேசுவோம். லயன் சுவர் மெல்லியது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கும், காலை 5 மணிக்கு எழும்ப வேண்டிய அம்மாவுக்கும் இரவு 10 மணி பேஸ் ஒரு தண்டனை. பெரட்டுத் தப்பு அவர்களைக் கேட்காமல் எழுப்பியது, நம்ம செட் அவர்களைக் கேட்காமல் தூங்கவிடாமல் செய்தால் என்ன வித்தியாசம்? 85 டெசிபலில் தினமும் 8 மணித்தியாலம் கேட்டால் காது பழுதாகும் என்பது தொழில் சுகாதாரத்தில் ஒத்துக்கொண்ட எல்லை. ஓட்டோ ஓட்டுபவர் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் நாள் முழுக்க இருக்கிறார். 2025 மே மாதம் கரண்டியெல்ல பகுதியில் பஸ் விழுந்து 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. அதற்கும் பாட்டுக்கும் முடிச்சுப் போடவில்லை. அந்த மாதிரி வளைவுகளில் எதிரே வருகிற ஹோர்ன் காதில் விழவேண்டும் என்று மட்டும் சொல்கிறோம்.

2025 ஜனவரியில் பொலிஸ் பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டினவற்றைக் கழற்ற வைக்கும் நடவடிக்கையைத் தொடங்கியபோது சங்கங்கள் எதிர்த்தன. ஆபத்தான லைட்டையும் காதைக் கிழிக்கிற ஹோர்னையும் எடுப்பது சரி. ஆனால் 2020இலிருந்து 5 வருசம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த நாட்டில், லீசிங் கட்டி முடியாத ஒரு பழைய ஓட்டோவைத் தன் வீடு மாதிரி அலங்கரித்தவனிடம் எது ஆபத்து, எது அழகு என்று பிரித்துப் பேசவேண்டும் இல்லையா? சத்தத்தை அளக்க மீட்டர் இருக்கிறது. மீட்டரால் அளங்கள், பார்வையால் அளக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. மின்சாரம் போனது, போன் கோபுரங்கள் விழித்தபடி செத்துக் கிடந்தன. எச்சரிக்கைகள் உரிய நேரத்தில் தமிழில் வந்து சேரவில்லை என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. அந்த மாதிரி இரவில் ஒரு ஊரில் மிஞ்சுகிற ரேடியோ எது? 12 வோல்ட் பெட்டரியோடு வாசலில் நிற்கிற ஓட்டோவில் இருப்பதுதான். அதில் 108 வரை பிடிக்கிற செட்டும், ஒரு லயன் முழுக்கக் கேட்கிற ஸ்பீக்கரும் ஏற்கனவே இருக்கிறது. பூட்டத் தெரிந்தவனும் அங்கேயே இருக்கிறான்.

இல்லாதது அதன் வழியாகத் தமிழில் வரவேண்டிய செய்தி. கொத்மலை அதை ஒரு காலத்தில் ஒரே ஒரு ஓட்டோவை வைத்துச் செய்து காட்டியது. இன்று ஒவ்வொரு தோட்டத்திலும் பத்து ஓட்டோ நிற்கிறது. அந்தப் பொடியன்களைக் கூப்பிட்டு "கழற்று" என்று சொல்வதற்கு முன்னால், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் எந்த ஓட்டோ எந்த லயனுக்குப் போய் அறிவிப்பது என்று உட்கார்ந்து பேசலாம். பிரதேச சபைக்கும் அனர்த்த முகாமைத்துவ ஆட்களுக்கும் இளைஞர் கழகங்களுக்கும் நாங்கள் வைக்கிற கேள்வி இது. உங்கள் தோட்டத்தில் யாராவது இதைத் தொடங்கினால் எழுதுங்கள், நாங்களும் வருகிறோம்.